சேர் சாப்பிட வந்த ஞாயிறு

கட்சி தேர்தலில் தோற்ற பிறகுதான் பாக்கியலெட்சுமியின் குசினியில் கேஸ் அடுப்பு இருப்பது ஒரு குற்றமாகிப் போனது.

"இத எங்கயாச்சும் மறைச்சு வைக்கலாமா அக்கா?" என்று கேட்டான் கெவின். கட்சி கொழும்பிலிருந்து அனுப்பிய ஆள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் முழ நீளத்துக்கு ஒரு போன். சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றிருந்தான்.

"ஏன், அதுக்கு என்னா?"

"ஞாயித்துக்கெழம நம்ம தலைவர் சேர் சாப்பிட வர்றப்போ நீங்க வெறகடுப்புல சமைக்கிற மாதிரி ரெண்டு படம் எடுக்கணும். கேஸ் இருந்தா சாதாரண மக்கள் வீடு மாதிரித் தெரியாது."

"நாங்க கேஸ்லதான் சமைக்கிறோம்."

"அது எனக்குத் தெரியுது அக்கா. பார்க்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது."

பாக்கியம் புருசனைப் பார்த்தாள். அழகையா வாசல்நிலையில் சாய்ந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கெவின் எதைச் சொன்னாலும் அந்தத் தலை ஆடியது. பத்தொன்பது வருசமாகத் தோட்டத்தில் கட்சியின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டத் துரையை எதிர்த்துப் பேசுகிற வாய், கட்சிக்காரர்களைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதை அவள் கல்யாணமான புதிதிலிருந்தே பார்த்து வருகிறாள்.

பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் உள்ள அந்தத் தோட்டத்தில் கட்சி தோற்கும் என்று யாரும் நினைத்ததில்லை. தாத்தா போட்டார், அப்பன் போட்டான், மகனும் போட்டான். போன தேர்தலில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது கட்சிக்கு விழுந்தவை அழகையாவும் அவருடைய கமிட்டிக்காரர்களும் போட்டவை மட்டும்தான் என்று சொல்லலாம். அவர் மூன்று நாள் வெளியே வரவில்லை. பாக்கியமும் மாற்றித்தான் போட்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தோற்றவர்கள் கொழும்பில் கூடிப் பேசி, தாங்கள் மக்களை விட்டுத் தூரப் போய்விட்டதாகக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்ல ஒரு கம்பனியையும் பிடித்தார்கள். கம்பனி சொன்ன வைத்தியத்துக்கு 'மீண்டும் மக்களிடம்' என்று பெயர். கட்சித் தலைவர் மாவட்டத்துக்கு ஒன்றாக, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய், ஒரு தொழிலாளி வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பதுளை மாவட்டத்துக்கு அழகையாவின் வீடு என்று முடிவாயிற்று. செய்தி வந்த அன்று அவர் போனை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க ஒவ்வொரு வாசலாகக் காட்டிவிட்டு வந்தார்.

"மீண்டும்னா, முன்ன எப்ப வந்தாங்க?" என்று பாக்கியம் கேட்டாள்.

"ஒனக்கு எல்லாத்துலயும் குத்தம்," என்றார் அழகையா.

கெவின் நடு அறைக்கு வந்தான். சுவரில் மகள் மதுஷா கறுப்பு அங்கி போட்டுப் பட்டச் சுருளோடு நிற்கிற படம் மாட்டியிருந்தது. வெலிமடைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் டீச்சர். கெவின் படத்தைப் பார்த்துச் சிரித்தான். "வெரி நைஸ்" என்றான். பிறகு, "அன்னைக்கு மட்டும் இதக் கழட்டிடலாமா ஐயா?" என்றான்.

அழகையாவே ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். கொழுந்துக் கூடை தலையில் தொங்கத் தொங்க, அட்டைக்கடியும் மழையும் வெயிலுமாக இருபத்திரண்டு வருசம் நின்று பாக்கியம் வாங்கிய படம் அது. அவள் அதைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

கெவினுக்கு அந்த வீட்டில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் இறங்கிய வெடிப்பு. நவம்பர் மாதப் புயலில் விழுந்தது, கை நுழையும். சுவருக்கு வெளியே அதிகாரிகள் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெருமழை பெய்தால் இங்கே இருக்கக் கூடாது என்று தாளும் தந்தார்கள். வேறு எங்கே இருப்பது என்று அந்தத் தாளில் இல்லை. ஐந்து வாரம் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் பன்னிரண்டு குடும்பமும் திரும்பி அதே லயத்துக்கு வந்தன.

"சேர் இதுக்கு முன்னால உக்காரட்டும்," என்றான் கெவின். "இது படத்துல நல்லா விழும்."

"விழும்தான்," என்றாள் பாக்கியம். அவனுக்கு அது விளங்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க மழை. பொங்கல் முடிந்தும் விடாத மழை. மலை தெரியாமல் மூட்டம் இறங்கி, கூரைத் தகரத்தில் நாள் முழுக்க ஒரே சத்தம். அந்த மழையிலும் கெவின் பசறையிலிருந்து புது மண்சட்டி நான்கு வாங்கி வந்து, முன்வாசல் இஸ்தோப்பில் குந்தியிருந்து விறகுப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினான். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. பக்கத்து வீட்டு நேசராணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, ஒங்க வீட்டுல சட்டிக்குக் கருமாதியா?" என்று கேட்டாள். பாக்கியத்துக்கு அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

சாப்பாடு பசறையில் ஒரு ஹோட்டலிலிருந்து வரும். இவள் சட்டியில் மாற்றி வைத்து, அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"அப்ப நான் என்னாத்துக்கு? அகப்பையத் தொங்கவிட ஒரு ஆணி போதுமே," என்றாள் அழகையாவிடம்.

"சேர் காணி விசயம் பேசுறேன்னு சொல்லியிருக்காரு பாக்கியம். ஆளுக்கு ஏழு பேர்ச் நெலம், தனி வீடு. எத்தன கடிதம் குடுத்திருக்கேன். ஒரு நா பொறுத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் எழும்பியபோது குசினியில் இரண்டு கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. அழகையா ஆறு மணிக்கே போய் எடுத்து வந்திருந்தார். கல்யாணமான இத்தனை வருசத்தில் அவர் தண்ணீர் எடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சேர் வருகிற உற்சாகம் என்று நினைத்துக்கொண்டாள். தேத்தண்ணி ஊற்றினாள். வாயில் வைத்தபோது குளோரின் மணத்தது.

மேல் லயத்து டாங்கித் தண்ணீருக்குத்தான் அந்த மணம். இவர்கள் குடிப்பது லயத்துக்குப் பின்னால் மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர். பத்தடி நடந்தால் பீலி. மேல் லயத்துக்கு இருநூறு படி ஏற வேண்டும்.

ஒன்பது மணி தாண்டியதும் பாக்கியம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். குழாயிலிருந்து விழுந்தது தண்ணீர் என்று சொல்ல முடியாது. பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில், கையில் பிடித்தால் விரலிடுக்கில் மண் தங்குகிற மாதிரி, விட்டு விட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். மலையில் ஒரு சத்தமும் இல்லை. மூட்டம் மட்டும் இருந்தது.

அழகையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் கட்சிக் கொடிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"பீலி எப்ப கலங்குச்சு?" என்று கேட்டாள்.

"நேத்து மழைக்குக் கலங்கியிருக்கும்."

"நவம்பர் புயலுக்குக் கூட அது கலங்கல. ஆறு மணிக்கு நீங்க பாத்தீங்கதானே? பாத்துட்டுத்தானே மேல் லயத்துக்கு ஏறுனீங்க?"

"மெதுவாப் பேசு. கெவின் தம்பி உள்ளுக்கு இருக்கு."

"நேசராணி வீட்டுல மூணு மாசப் புள்ள உள்ளுக்கு இருக்கு. கடைசி வீட்டுக் காம்பராவுல கபிரியேல் மாமா ஏந்திரிக்க முடியாம உள்ளுக்கு இருக்காரு."

அழகையா கயிற்றை விட்டுவிட்டு அவள் கிட்ட வந்தார். "சேர் பதினொரு மணிக்கு வர்றாரு. பன்னெண்டுக்குள்ள போயிருவாரு. அவர் தல மறைஞ்சதும் நானே எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். இப்ப சொன்னா லயமே காலியாயிரும். அவர் வந்து யாரப் பாப்பாரு? நான் என்னா பதில் சொல்றது?"

"மலகிட்ட சொல்லிட்டீங்களா, பன்னெண்டு மணி வரைக்கும் நிக்கச் சொல்லி?"

அவர் மறுபடி கொடிக் கயிற்றை எடுத்தார்.

"மீரியபெத்தைத் தோட்டத்துல மல சரிஞ்சப்ப மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனீங்க," என்றாள் பாக்கியம். "மூணு நா அங்க நின்னீங்க. திரும்பி வந்து ஒரு கெழம சோத்துல கை வைக்கல. என்னா பாத்தீங்கன்னு நான் இன்னவரைக்கும் கேக்கல. இப்ப கேக்குறேன். அங்க என்னா பாத்தீங்க?"

அழகையாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தலைவரின் செயலாளருக்கு எடுத்து, "சேர், இங்க பின்னால மலையில தண்ணி கலங்குது, லயம் அவ்வளவு நல்லதில்ல, இன்னொரு நாளைக்கு..." என்று இழுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் பாக்கியத்துக்கும் கேட்டது.

"நாங்க பதுளையத் தாண்டிட்டோம் அழகையா. ரெண்டு டீவிக்காரங்களும் கூட வர்றாங்க. பத்து நிமிசம் உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுக் கெளம்பிருவோம். நீங்க ஒண்ணயும் சொல்லி ஆக்களப் பயங்காட்டாதீங்க."

"சரிங்க சேர்," என்றார் அழகையா.

அந்தச் 'சரிங்க' அவருடைய வாயிலிருந்து எத்தனையோ தடவை வந்ததை அவள் கேட்டிருக்கிறாள். சம்பளப் போராட்டத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னபோது வந்தது. மதுஷாவின் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக மூன்று வருசம் அலைய வைத்தபோதும் வந்தது. அப்போதெல்லாம் வயிற்றெரிச்சல்தான் வரும். இன்றைக்கு அருவருப்பு வந்தது. ஈரத்தில் கையை வைத்தபோது அட்டை ஒட்டிக்கொண்டதுபோல.

குடத்தை இஸ்தோப்பில் வைத்துவிட்டு அவள் நேசராணியின் கதவைத் தட்டினாள்.

"நேசம், புள்ளையத் தூக்கு. அடையாள அட்டையையும் உடுப்பையும் எடு. பீலி கலங்கிருச்சு."

நேசராணி கேள்வி கேட்கவில்லை. ஊற்று கலங்கினால் மலை இறங்கும்; மலையடியில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். ஒவ்வொரு கதவாகப் பாக்கியம் தட்டிக்கொண்டு போனாள். ஒருத்தி அடுப்பில் வைத்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஒருத்தர் டீவியைத் தூக்கப் போய், பெஞ்சாதியிடம் ஏச்சு வாங்கி வைத்துவிட்டு வந்தார். பாக்கியம் தன் பெட்டியிலிருந்து எடுத்தது மதுஷாவின் படத்தையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மட்டும். அதற்குள் கெவின் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, அக்கா, ஒரு மணித்தியாலம் பொறுங்க. எல்லாரும் போனா ப்ரோகிராம் என்னாகும்?"

"ஒங்க ஊடு எங்க தம்பி?"

"கொழும்புல, வெள்ளவத்தையில."

"அங்க வச்சுச் சாப்பிடச் சொல்லுங்க."

கபிரியேலுக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. நேசராணியின் புருசனும் வேறு மூன்று பேரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பிடியில் சேலையால் கட்டித் தூக்கினார்கள். கிழவர் தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அழகையா மட்டும் கொடிக்குக் கீழே நின்றார். போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு பாதை. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் சரிவில் தேயிலை. நாற்காலி பாதி ஏறியபோது மேலிருந்து மூன்று ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து, பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. முதல் ஜீப்பிலிருந்து கட்சித் தலைவர் இறங்கினார். தும்பைப்பூ மாதிரி உடுப்பு. எதிரே மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் நனைந்துகொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்ததும், தன்னை வரவேற்கத்தான் வருகிறார்கள் என்று கை கூப்பினார். யாரும் திருப்பிக் கும்பிடவில்லை. எல்லார் கையிலும் சாமான் இருந்தது.

டீவிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்ட, அவர் முன்னால் நின்ற பாக்கியத்தின் தோளில் கை வைத்தார். கொழும்பிலேயே பழகி வந்த கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, நாங்க உங்களவிட்டுத் தூரமாப் போயிட்டோம்னு சொல்றாங்க. மனசு தொறந்து சொல்லுங்க. உங்ககிட்டத் திரும்பி வர்றதுக்கு நாங்க என்னா செய்யணும்?"

"மொதல்ல அந்த வாகனத்தப் பின்னுக்கு எடுங்க சேர்," என்றாள் பாக்கியம். "பின்னால மல எறங்கப் போகுது. நோயாளிய வச்சுக்கிட்டு நிக்கிறோம்."

தலைவர் மலையைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். செயலாளர் போனைப் பார்த்தார். அந்த ஒடுக்குப் பாதையில் மூன்று ஜீப்பைப் பின்னுக்கு எடுப்பதற்குள் விடிந்துவிடும் என்று ஆண்கள் நாற்காலியைத் தேயிலைக்குள் இறக்கி, செடிகளின் மிலாறுக் குச்சி முழங்காலைக் கிழிக்கக் கிழிக்கச் சுற்றி ஏற்றினார்கள். திரும்பப் பாதைக்கு வந்த இடத்தில் தலைவர் ஓடி வந்து நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். எட்டடி நடந்தார். பிடித்துத் தாழ்த்தியதில் நாற்காலி சரிந்து, கிழவர் "ஐயோ விட்ருங்க சாமி" என்றார். கெவின் படம் எடுத்து முடித்ததும் தலைவர் விட்டுவிட்டார். எப்படித்தான் திருப்பினார்களோ, கால் மணித்தியாலத்தில் மூன்று ஜீப்பையும் காணோம்.

ஹோட்டல் சாப்பாடு வேன் மட்டும் வழி தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கோழிக்குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். பிள்ளைகள் பசியோடிருந்தன. எல்லாருமே சாப்பிட்டார்கள். பாக்கியமும் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் குறைவு என்று நேசராணி சொன்னாள்.

இரண்டரை மணிக்கு மலை இறங்கியது. பெரிய வெடி எல்லாம் இல்லை. லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்ச நேரம். பள்ளிக்கூட முற்றத்து விளிம்பில் நின்று பார்த்தபோது, லயத்தின் பின்பாதியும் கடைசி ஐந்து காம்பராவும் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்தன. கபிரியேலின் கட்டில் இருந்த இடம் எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அழகையா எல்லாருக்கும் கடைசியாக, லயத்துப் பக்கமிருந்து வெறுங்கையோடு ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை இடுப்புவரை சேறு.

புதன்கிழமை அந்தப் படம் பேஸ்புக்கில் வந்தது. நாற்காலிக் காலைப் பிடித்தபடி தலைவர், பின்னால் மூட்டம். 'ஆபத்தில் முதல் ஆளாக நின்று பன்னிரண்டு குடும்பங்களைக் காப்பாற்றிய தலைவர்' என்று எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டிப் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை கெவின் பள்ளிக்கூடத்துக்கு வந்து முக்காலியில் கெமராவை நிறுத்தினான். கரும்பலகையில் தலைவர் படத்தை ஒட்டி, அதன் முன்னே கதிரையைப் போட்டு அழகையாவை உட்காரச் சொன்னான். அவர் சொல்ல வேண்டியதைத் தாளில் அடித்தே கொண்டு வந்திருந்தான்.

"நீங்க சேருக்குப் போன் பண்ணினதும், அவர் ஒடனே எல்லாரையும் வெளியேத்தச் சொன்னார். அவ்வளவுதான் ஐயா. ஒரு நிமிசம் பேசினாப் போதும். காணி லிஸ்ட்ல உங்க பேர்தான் மொதல்ல வரும்னு செயலாளர் சொல்லச் சொன்னார்."

வகுப்பறை முழுக்கப் பாய் விரித்து ஆட்கள் இருந்தார்கள். பாக்கியம் கதவோரம் பருப்புக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் இப்போது அதைப் படிப்பார், படித்துவிட்டுச் 'சரிங்களா தம்பி' என்றும் கேட்பார் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்க்கவும் அவளுக்கு மனமில்லை.

அழகையா தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"காலையில ஆறு மணிக்கு நான் பீலிக்குப் போனேன்," என்று தொடங்கினார். "தண்ணி கலங்கியிருந்துச்சு. எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியும். மீரியபெத்தையில நான் மண்ணு தோண்டுனவன். ஒரு அம்மாவையும் புள்ளையையும் ஒண்ணா எடுத்தோம். எனக்குத் தெரியும்."

"ஐயா, அது வேணாம். போன் பண்ணின எடத்துலருந்து சொல்லுங்க," என்றான் கெவின்.

"தெரிஞ்சும் ஒம்பதரை மணி வரைக்கும் நான் யாருக்கும் சொல்லல. சேர் வர்ற நேரம் லயம் காலியா இருந்தா எனக்கு மரியாத இல்லன்னு நெனைச்சேன். பெஞ்சாதி கேட்ட பொறகுதான் போன் எடுத்தேன். யாரையும் பயங்காட்ட வேணாம்னாங்க. சரிங்கன்னேன்."

கெவின் கெமராவை அணைத்தான். சின்ன சிவப்பு விளக்கு அணைந்தது. அழகையா அதைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் பாய்களின் பக்கம் திருப்பினார்.

"கதவத் தட்டுனது பாக்கியம். நானில்ல, கட்சியுமில்ல. நான் கொடி கட்டிக்கிட்டு நின்னேன்."

பிள்ளையை மடியில் வைத்திருந்த நேசராணி கேட்டாள்.

"ஆறு மணிக்கா அண்ணே?"

"ஆறு மணிக்கு."

"ஏழு மணிக்கு ஒங்க வாசல்ல நின்னு இவனுக்கு வெயில் காட்ட முடியலியேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். மழ விட்டுரும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

நேசராணி எழும்பினாள். பிள்ளையைத் தோளில் போட்டு, ஒரு கையால் பாயைச் சுருட்டிக்கொண்டு வகுப்பின் அந்தக் கோடிக்குப் போனாள். அவளுடைய புருசன் போனான். கபிரியேலின் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் அழகையாவின் பாயைச் சுற்றி வெறும் சிமெந்துத் தரைதான் இருந்தது. கெவின் தலைவர் படத்தைக் கிழியாமல் உரித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு சொல்லாமலே போய்விட்டான்.

அன்று பின்னேரம் பாக்கியம் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் அதில் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தன் பங்கைச் சாப்பிட்டாள்.

மறுநாள் கிராம உத்தியோகத்தர் ஷாமில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மேசை போட்டுப் பாரம் நிரப்பினார். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணி கேட்கிற பாரம். எந்தக் கட்சி ஆளும் கூட வரவில்லை. வரிசையில் பாக்கியத்தின் முறை வந்தது. அழகையா அவளுக்குப் பின்னால் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடும்பத் தலைவர் பேர்..." என்று சொல்லிக்கொண்டே ஷாமில் எழுதத் தொடங்கிவிட்டார். இத்தனை வருசம் பழகிய பெயர்; கேட்கத் தேவையில்லை.

"அதில்லைங்க," என்றாள் பாக்கியம். "பாக்கியலெட்சுமி."

ஷாமில் பேனையைத் தூக்கிவிட்டு, அவள் தோளுக்கு மேலாக அழகையாவைப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். அழகையா கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்து, அவளுடையதைத் தேடி எடுத்து, மேசையில் வைத்தார்.